மருந்து ஆய்வில் சேர அழைப்பு வந்தால்: நோயாளிக்கும் ஊருக்கும் கிடைக்கும் பலனைக் கணக்கிடும் முறை

நீண்ட நாளாகச் சிகிச்சை பெற்றுவரும் ஒருவரிடம், புதிய மருந்து ஒன்றை ஆய்வு செய்கிறோம், அதில் சேர உங்களுக்கு விருப்பமா என்று மருத்துவர் கேட்டவுடன், குடும்பத்தில் இரண்டு குரல்கள் எழும். புதிய மருந்து வந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்வார். நம் உடம்பை வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று இன்னொருவர் அஞ்சுவார். இரண்டு குரல்களிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டில் எதை நம்பி முடிவெடுத்தாலும் அது அரைகுறை முடிவாகவே இருக்கும். மருந்து ஆய்வினால் நோயாளிக்கு வரும் நன்மை எந்த வழியாக வருகிறது, அவர் வாழும் பகுதியின் பொருளாதாரத்துக்கு வரும் நன்மை எந்த வழியாக வருகிறது, அவை நடுவழியில் எங்கே தேங்கிவிடுகின்றன என்று தெரிந்துகொண்டால், கேட்க வேண்டிய கேள்விகள் தாமாகவே தெளிவாகும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புதிய மருந்தை மட்டும் எதிர்பார்த்துச் சேர்பவர் ஏமாற்றம் அடைய வாய்ப்பு அதிகம், நெருக்கமான கவனிப்பையும், தமக்குப் பின் வருபவர்களுக்குக் கிடைக்கப்போகும் விடையையும் கணக்கில் கொண்டு சேர்பவருக்கு அந்த ஏமாற்றம் பெரும்பாலும் நேர்வதில்லை.

எந்தக் கட்டம் என்று முதலில் கேளுங்கள்

மருந்து ஆய்வு என்ற ஒரே பெயரில் மிகவும் வேறுபட்ட நான்கு செயல்கள் நடக்கின்றன. முதல் கட்டத்தில் சில பத்துப் பேருக்கு மருந்தைக் கொடுத்து, உடல் அதை எவ்வளவு தாங்குகிறது, எந்த அளவு பாதுகாப்பானது என்று பார்க்கிறார்கள். இதில் பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களே பங்கேற்கிறார்கள். புற்றுநோய் மருந்துகள் போன்றவற்றில் நோயாளிகளே சேர்க்கப்படுவது வழக்கம். இரண்டாம் கட்டத்தில் சில நூறு நோயாளிகள் வரை சேர்த்து, மருந்து வேலை செய்வதற்கான அறிகுறி தெரிகிறதா என்று தேடுகிறார்கள். மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கில் தொடங்கிப் பல ஆயிரம் பேர் வரை சேர்த்து, இப்போது வழக்கத்தில் இருக்கும் சிகிச்சையோடு ஒப்பிடுகிறார்கள். விற்பனைக்கு வந்த பிறகும், அரிதான பக்கவிளைவுகளைக் கண்டறிய நான்காம் கட்டக் கண்காணிப்பு தொடர்கிறது.

முதல் கட்டத்துக்குள் நுழையும் மருந்துகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான் இறுதியில் அனுமதி பெறுகிறது. ஆகவே முதல் கட்ட ஆய்வுக்கு அழைக்கப்படும் நோயாளி, இந்த மருந்து என்னைக் குணப்படுத்தும் என்று நினைத்துச் சேர்வது சரியான கணக்கு ஆகாது. ஆபத்தும் இந்தக் கட்டத்தில்தான் கணிக்க முடியாததாக இருக்கிறது. 2006-இல் லண்டனில், டிஜிஎன்1412 என்ற மருந்து முதன்முறையாக மனிதர்களுக்குச் செலுத்தப்பட்டபோது, விலங்குகளில் பாதுகாப்பாகத் தெரிந்த அளவில் ஐந்நூறில் ஒரு பங்கே கொடுக்கப்பட்டிருந்தும், அதைப் பெற்ற ஆறு இளைஞர்களும் ஒரு நாளுக்குள் பல உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அறுவரும் உயிர் பிழைத்தார்கள். ஒருவருக்குக் கொடுத்து, போதிய நேரம் காத்திருந்து பார்த்த பிறகே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்ற விதி அதன் பின்னர் வலுப்பெற்றது. முதல் கட்டத்தில் சேர எண்ணுபவர், எத்தனை மணி நேர இடைவெளியில் அடுத்தவருக்கு மருந்து கொடுப்பீர்கள் என்று கேட்பதில் தயக்கம் காட்ட வேண்டியதில்லை.

குலுக்கலில் ஒப்பீட்டுக் குழுவுக்குப் போனால் நஷ்டமா?

மூன்றாம் கட்ட ஆய்வுகளில் யாருக்குப் புதிய மருந்து, யாருக்குப் பழைய சிகிச்சை என்பதை மருத்துவர் தீர்மானிப்பதில்லை, குலுக்கல் தீர்மானிக்கிறது. பல குடும்பங்களுக்கு இதுவே பெரிய மனக்குறையாக இருக்கிறது. எங்களுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்துவிடுவார்களோ என்ற கேள்வி மிகவும் நியாயமானது. அதற்கான விடையைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன்படுமா என்று பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய ஆய்வின் முடிவு 1948-இல் வெளிவந்தது. மருந்து மிகக் குறைவாகவே கிடைத்த காலம் அது. 107 நோயாளிகளில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் ஆறு மாதங்களுக்குள் இறந்தார்கள். இங்கே மருந்து பெற்றவர்களே பயனடைந்தார்கள் என்பது வெளிப்படை. ஆனால் எல்லா நேரமும் இப்படி நடப்பதில்லை. மாரடைப்புக்குப் பின் இதயத் துடிப்பில் ஏற்படும் ஒழுங்கின்மையை அடக்கும் எங்கெய்னைடு, ஃபிளெகெய்னைடு ஆகிய மருந்துகளை, துடிப்பு சீரானால் உயிர் காக்கப்படும் என்ற இயல்பான நம்பிக்கையில் மருத்துவர்கள் பரவலாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அவற்றைப் போலி மாத்திரையோடு ஒப்பிட்ட காஸ்ட் ஆய்வில், மருந்து பெற்றவர்களிடையே இறப்பு அதிகமாக இருப்பது 1989-இல் தெரியவந்து, அந்தப் பகுதி உடனே நிறுத்தப்பட்டது. அந்தக் குலுக்கலில் போலி மாத்திரை கிடைத்தவர்களே பாதுகாப்பாக இருந்தார்கள்.

இந்த இரண்டு உதாரணங்களுக்கு நடுவே எங்கோதான் பெரும்பாலான ஆய்வுகள் அமைகின்றன. பல நூறு ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, புதிய சிகிச்சை பழையதைவிட மேலானதாக அமைந்தது பாதிக்குச் சற்று அதிகமான ஆய்வுகளில்தான். நேர்மையாக வடிவமைக்கப்பட்ட ஆய்வில் எந்தக் குழு மேலானது என்பது தொடக்கத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ஆய்வு நடத்துவதே தவறு. எனவே ஒப்பீட்டுக் குழுவில் இருப்பவர் வஞ்சிக்கப்பட்டவர் அல்லர். ஆனால் ஒரு நிபந்தனையை உறுதியாகக் கேட்டுப் பெற வேண்டும்: கடுமையான நோய்க்கு ஏற்கெனவே நல்ல சிகிச்சை இருந்தால், ஒப்பீட்டுக் குழுவுக்கு அந்தச் சிகிச்சையாவது கிடைக்க வேண்டும். போலி மாத்திரை வழக்கமான மருந்துக்கு மேலாகச் சேர்த்துக் கொடுக்கப்படுகிறதா, அதற்குப் பதிலாகக் கொடுக்கப்படுகிறதா என்ற ஒற்றைக் கேள்வி இதைத் தெளிவாக்கிவிடும்.

நோயாளியின் கையில் உண்மையில் வந்து சேர்பவை

ஆய்வில் சேர்பவருக்குக் கிடைக்கும் முதல் நன்மை கவனிப்பு. சாதாரண மருத்துவமனை வரிசையில் சில நிமிடங்களே கிடைக்கும் நோயாளிக்கு, ஆய்வுத் திட்டம் குறிப்பிட்ட நாள்களில் இரத்தப் பரிசோதனையையும், இசிஜியையும், உடல் பரிசோதனையையும் கட்டாயமாக்குகிறது. அவருடைய முடிவுகளை ஒரு ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதிவு செய்கிறார். விபரீதம் ஏதேனும் தெரிந்தால் குறித்த நேரத்துக்குள் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. இந்தத் தொடர் பரிசோதனைகளில் தமக்கு இருப்பதே தெரியாத வேறொரு நோய் வெளிப்பட்டு, ஆரம்பத்திலேயே சிகிச்சை பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஆய்வு மருந்தும், ஆய்வுக்காகச் செய்யப்படும் பரிசோதனைகளும் பொதுவாக இலவசம். வழக்கமான சிகிச்சைகள் எல்லாம் பலனளிக்காமல் போன நோயாளிக்கு, இன்னும் கடைக்கு வராத மருந்தைப் பெற ஆய்வே பெரும்பாலும் முதல் வாசல்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு முக்கியமான உண்மையைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. ஆய்வில் சேர்ந்தவர்களையும், சேராமல் வெளியே அதே போன்ற சிகிச்சை பெற்றவர்களையும் ஒப்பிட்டுத் தொகுத்துப் பார்த்த மதிப்பீடுகளில், இரு தரப்பினரின் நோய்நிலை முடிவுகளும் சராசரியாக ஒன்றுபோலவே இருந்தன. ஆய்வில் சேர்வதாலேயே ஒருவர் சீக்கிரம் குணமாகிவிடுவார் என்பதற்கும் ஆதாரம் இல்லை, சேர்வதாலேயே கெட்டுப்போவார் என்பதற்கும் ஆதாரம் இல்லை. நல்ல சிகிச்சை எளிதில் கிடைக்காத இடத்தில் இருப்பவருக்கு ஆய்வு தரும் கவனிப்பு பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தும். ஏற்கெனவே நல்ல சிகிச்சை பெறுபவருக்கு வேறுபாடு சிறிதாகவே இருக்கும்.

பெரும் பயன் அடுத்து வரும் நோயாளிகளுக்குத்தான். குழந்தைகளுக்கு வரும் கடும் நிணநீரணு இரத்தப் புற்றுநோயில், 1960-களின் தொடக்கத்தில் ஐந்து ஆண்டுகள் உயிரோடு இருந்த குழந்தைகள் பத்தில் ஒருவர்கூட இல்லை. வசதி நிறைந்த மருத்துவமனைகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். இந்த மாற்றத்தை ஒரே ஓர் அதிசய மருந்து கொண்டுவரவில்லை. இருக்கும் மருந்துகளை எந்த வரிசையில், எந்த அளவில், எத்தனை காலம் கொடுப்பது என்று ஒன்றன்பின் ஒன்றாக நடந்த ஆய்வுகளே படிப்படியாகக் கொண்டுவந்தன. ஒவ்வோர் ஆய்விலும் இருந்த குழந்தைகள் தங்களுக்கு முந்தைய ஆய்வின் பலனை அனுபவித்து, அடுத்த ஆய்வுக்கான விடையை விட்டுச்சென்றார்கள். அவர்களின் பெற்றோர் கையெழுத்திட்டபோது இது அவர்கள் மனத்தில் எவ்வளவு தெளிவாக இருந்ததோ தெரியாது, ஆனால் அந்தக் கையெழுத்தை நினைத்தாலே எனக்குப் பெரும் மரியாதை உண்டாகிறது.

நன்மைகளுக்கு எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டிய செலவுகளும் உண்டு. அடிக்கடி வந்துபோக வேண்டும். வேலை நாள்கள் இழப்பாகும். கூடுதலாக இரத்தம் எடுப்பார்கள். சில ஆய்வுகளில், சேர்வதற்கு முன் பழைய மருந்தைச் சில வாரங்கள் நிறுத்த வேண்டியிருக்கும். ஆய்வுக் காலத்தில் வேறு சில மருந்துகளையும், கருத்தரிப்பதையும் தவிர்க்கச் சொல்வார்கள். ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கிடைப்பதையும் மறுபக்கம் கொடுப்பதையும் குடும்பத்தோடு உட்கார்ந்து எழுதிப் பார்ப்பது, எவ்வளவு எளிமையாகத் தோன்றினாலும், மிகப் பயனுள்ள பயிற்சி.

ஒப்புதல் படிவம் கைக்கு வந்த பிறகு

படிவத்தை அங்கேயே கையெழுத்திட வேண்டிய அவசியம் இல்லை. வீட்டுக்கு எடுத்துச் சென்று, உங்களுக்குப் புரியும் மொழியில் படித்து, உங்கள் குடும்ப மருத்துவரிடமும் காட்டிய பிறகு திரும்பி வரலாம். அவசரப்படுத்துபவரிடம் அவசரத்துக்கான மருத்துவக் காரணத்தைக் கேளுங்கள். இந்த உரிமைகள் சும்மா வந்தவை அல்ல. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் (சிபிலிஸ்) கொண்ட கறுப்பின ஆண்களுக்கு அவர்கள் நோயைப் பற்றிய உண்மையைச் சொல்லாமல், பென்சிலின் வழக்கமான சிகிச்சையாக ஆன பிறகும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். நாஜி மருத்துவர்கள் மீதான விசாரணையில் உருவான 1947-இன் நூரம்பர்க் நெறிகளும், மனிதர்கள் மீதான ஆய்வுகளுக்காக உலக மருத்துவச் சங்கம் 1964-இல் ஏற்ற ஹெல்சிங்கி பிரகடனமும், மனிதர்கள் பட்ட துன்பத்திலிருந்து எழுந்த விதிகள். எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல், வழக்கமான சிகிச்சைக்குப் பாதிப்பில்லாமல் விலகிக்கொள்ளலாம் என்ற வரி உங்கள் படிவத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதில் கையெழுத்திட வேண்டாம்.

படிவத்தில் நான் முதலில் தேடும் பகுதி, உடல்நலக் கேடு நேர்ந்தால் சிகிச்சைச் செலவையும் இழப்பீட்டையும் யார் ஏற்பார்கள் என்பதுதான். அங்கே சொற்கள் வழவழப்பாக இருந்தால், விளக்கத்தை எழுத்தில் கேளுங்கள். அதற்கு அடுத்து, இரவில் உடல்நிலை மோசமானால் அழைக்க வேண்டிய எண், பங்கேற்பவர்களின் நலனைக் காக்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரம், எடுக்கப்படும் இரத்தமும் திசுவும் எங்கே எவ்வளவு காலம் வைக்கப்படும் என்ற விவரம் ஆகியவை. மருந்து உங்களுக்குப் பலனளித்தால் ஆய்வு முடிந்த பிறகும் அது தொடர்ந்து கிடைக்குமா என்ற கேள்வியைப் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். ஆய்வுக்குப் பிந்தைய ஏற்பாட்டை முன்கூட்டியே செய்து, பங்கேற்பவருக்குச் சொல்ல வேண்டும் என்று ஹெல்சிங்கி பிரகடனமே கூறுகிறது. ஆய்வு பொதுப் பதிவேட்டில் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று பதிவு எண்ணைக் கேட்டு இணையத்தில் சரிபாருங்கள். பதிவு இல்லாத ஆய்வின் முடிவு பாதகமாக வந்தால் அது மூடி மறைக்கப்படலாம். அப்போது உங்கள் பங்களிப்பு யாருக்கும் பயன்படாமல் போகும்.

பங்கேற்பதற்குப் பணம் தருவதாகச் சொன்னால், அது பயணச் செலவையும் இழந்த நேரத்தையும் ஈடுசெய்யும் அளவா, அல்லது ஆபத்தை மறக்கச் செய்யும் அளவா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பணம் இல்லாவிட்டால் நான் சேருவேனா என்ற கேள்விக்கு இல்லை என்பது விடையானால், இன்னொரு முறை யோசிப்பது நல்லது.

ஊருக்கு வரும் பொருள், ஊரில் தங்கும் பொருள்

ஓர் ஆய்வு ஒரு மருத்துவமனைக்கு வரும்போது, பணம் பல வழிகளில் உள்ளே வருகிறது. ஆய்வைத் தொடங்கும் பணிகளுக்கு ஒரு தொகை, சேர்க்கப்படும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு தொகை, மருந்தகத்துக்கும் ஸ்கேன் பிரிவுக்கும் தனித்தனிக் கட்டணம், நிர்வாகச் செலவுக்கு ஒரு பங்கு என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பணத்தில் ஆய்வுச் செவிலியர், ஒருங்கிணைப்பாளர், இரத்தம் எடுக்கும் பணியாளர், மருந்தாளுநர், தரவுப் பதிவாளர் ஆகியோருக்கு வேலை கிடைக்கிறது. மாதிரிகளை உலர்பனியில் வைத்து எடுத்துச் செல்பவருக்கும், கண்காணிக்க வந்து தங்கும் அலுவலர்களுக்கு அறை தரும் விடுதிக்கும், ஆவணங்களை மொழிபெயர்ப்பவருக்கும் வருமானம் வருகிறது. மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி, மையவிலக்குக் கருவி, அளவுத்திருத்தம் செய்யப்பட்ட இசிஜி போன்றவை ஆய்வுக்காக வந்து, பின்னர் மற்ற நோயாளிகளுக்கும் பயன்படலாம். தொலைதூரப் பெருநகருக்குச் சிகிச்சைக்காகப் போய்க்கொண்டிருந்த குடும்பங்களின் பயணச் செலவும் தங்கும் செலவும் மிச்சமாகின்றன. இந்த மிச்சம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை, ஆனால் குடும்பங்களுக்கு இதுவே பெரிய தொகை.

பொருளாதார நன்மையில் இன்னொரு வகை, ஆய்வின் விடையிலிருந்தே வருகிறது. 1956-இல் சென்னையில் அமைக்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையத்தில், வீட்டிலேயே இருந்து ஓராண்டு மருந்து சாப்பிட்டவர்களையும், சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கி அதே மருந்தைச் சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். இரு தரப்பினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் உடனிருந்தவர்களுக்கு நோய் தொற்றும் ஆபத்தும் அதனால் அதிகரிக்கவில்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு, மாதக்கணக்கில் படுக்கையில் வைத்திருக்கும் சிகிச்சை முறையை உலகெங்கும் மாற்றியது. எத்தனை குடும்பங்களில் சம்பாதிப்பவர் வீட்டிலேயே இருக்க முடிந்தது, எத்தனை படுக்கைகள் வேறு நோயாளிகளுக்குக் கிடைத்தன என்று எண்ணிப் பார்த்தால், ஓர் ஆய்வின் பொருளாதார மதிப்பு அது கொண்டுவரும் ஒப்பந்தத் தொகையைவிடப் பல மடங்கு பெரியது என்பது விளங்கும். 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்த மலிவான டெக்ஸாமெதசோன் மருந்து, வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைப்பதைக் காட்டியது. அதே ஆய்வு, ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து மருத்துவமனையில் இருந்த கோவிட் நோயாளிகளுக்குப் பயன்படவில்லை என்றும் காட்டி, வீண் செலவை நிறுத்த உதவியது.

இருந்தாலும், வரும் பணமெல்லாம் ஊரில் தங்கிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. இரத்த மாதிரிகள் எல்லாம் தொலைவிலுள்ள மைய ஆய்வகத்துக்குப் போனால், உள்ளூர் ஆய்வகம் எதையும் கற்றுக்கொள்ளாது. ஒருங்கிணைப்பாளர்கள் ஓர் ஆய்வு முடியும் வரைக்குமான ஒப்பந்தத்தில் மட்டும் இருந்தால், பயிற்சி பெற்றவர்கள் ஆய்வு முடிந்ததும் வேறிடம் தேடிப் போய்விடுவார்கள். மருத்துவமனை நிர்வாகத்தில் இருப்பவர்களும், உள்ளூர்ப் பொது அமைப்புகளில் பொறுப்பில் இருப்பவர்களும் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே சிலவற்றைக் கேட்க வேண்டும்: கருவிகள் ஆய்வுக்குப் பின் யாருக்குச் சொந்தம், சோதனைகளில் எத்தனை உள்ளூரில் செய்யப்படும், செவிலியருக்கும் தொழில்நுட்பப் பணியாளருக்கும் நல்ல ஆய்வு நடைமுறைப் பயிற்சி கிடைக்குமா, நிர்வாகப் பங்கு எந்தத் தலைப்பில் செலவாகும். ஓர் ஆய்வு முடியும்போது அடுத்தது தொடங்கும்படி திட்டமிடும் மருத்துவமனையே, பயிற்சி பெற்ற குழுவைக் கலையவிடாமல் வைத்திருக்கிறது. ஆய்வுக்காக மருத்துவர்களின் நேரம் எடுக்கப்படும்போது, சாதாரண நோயாளிகளின் வரிசை நீளாமல் இருக்க மாற்று ஏற்பாடு இருக்கிறதா என்பதையும் விடாமல் கேளுங்கள். இங்கே தவறினால், ஆய்வில் சேராத நோயாளிகளே அதன் விலையைக் கொடுப்பார்கள்.

ஆய்வு முடிந்த பின்

கடைசி வருகையோடு பலர் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள். ஒப்புதல் படிவத்தின் நகல், ஒவ்வொரு வருகையின் பரிசோதனை முடிவுகள், பயணப்படி பெற்ற ரசீதுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். எந்தக் குழுவில் இருந்தீர்கள் என்பது மறைத்து வைக்கப்பட்டிருந்தால், அது எப்போது வெளிப்படுத்தப்படும் என்று கேட்டு, அந்தத் தகவலைக் குடும்ப மருத்துவரின் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். சில மருந்துகளின் விளைவு பின்னாளில்தான் தெரியும், அப்போது சிகிச்சை தரும் மருத்துவருக்கு இந்தத் தகவல் தேவைப்படும். ஆய்வின் முடிவு வெளியாகும்போது, எளிய மொழியில் ஒரு சுருக்கத்தைப் பங்கேற்றவர்களுக்கு அனுப்பும்படி, சேரும் நாளிலேயே எழுத்தில் கேட்டு வையுங்கள். முடிவு வெளிவரச் சில ஆண்டுகள் ஆகலாம். ஆகவே முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறினால் ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவித்துவிடுங்கள்.